ஒட்டினால் போதுமா?

எல்லவுக்கு அண்மையில் ஒரு தோட்டப் பாடசாலைக் கண்காட்சிக்கு நடுவராகச் சென்றிருந்தேன். ஒரு மாணவன் ஒன்பது வளைவுப் பாலத்தின் மாதிரியை வைத்திருந்தான். வெண்ணிறப் பொலிஸ்டைரீன் தகட்டில் வெட்டிய வளைவுகள் உருகி நெளிந்திருந்தன. போத்தல் மூடிகளை நறுக்கிச் செய்த தண்டவாளம் தொட்டதும் கையோடு வந்தது.

"கடையில மணம் கூடின பசையாப் பார்த்துத்தான் வாங்கினேன், சேர்" என்றான். அது குழாய் பொருத்தும் பி.வி.சி. பசை. உடனிருந்த நடுவர் புள்ளிகளைக் குறைக்கப் பேனாவை எடுத்தார். நான் தடுத்தேன். குற்றம் மாணவனுடையதன்று, "எல்லாவற்றையும் ஒட்டும்" என்று சொல்லி எதையும் விற்கிறோமே, நம்முடையது.

கரைப்பான் சீமெந்து சாதாரணப் பசையன்று. அது இரு பரப்புகளையும் இளக்குகிறது; இளகியவை ஒன்றோடொன்று கலக்கின்றன; கரைப்பான் ஆவியானதும் இரண்டும் ஒரே துண்டாகின்றன. ஆகவே முதலில் கேட்கவேண்டியது "எந்தப் பசை?" என்பதன்று, "எந்தப் பிளாஸ்டிக்?" என்பதே. பல பொருள்களின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 6 என்றால் பொலிஸ்டைரீன். அதற்குரிய மாதிரிச் சீமெந்து போதும். 3 என்றால் பி.வி.சி.; குழாய்ப் பசையின் இடம் அதுதான். மெல்லிய பொலிஸ்டைரீன் தகட்டில் அதைத் தடவினால் தகடு உருகும். 2, 4, 5 என்பவை பொலிஎதிலீன், பொலிபுரொப்பிலீன். இந்தச் சீமெந்துகள் எவையும் அவற்றைப் பிடிப்பதில்லை. ரெஜிபோமும் பொலிஸ்டைரீனே, ஆனால் நுரையாக இருப்பதால் கரைப்பான் பட்ட இடம் குழியாகிவிடும். அதற்கு வெள்ளைப் பசையே ஏற்றது. இவ்வளவுதான் பாடம். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பாடவேளை போதாதா?

மாதிரி கெட்டால் இன்னொன்று செய்யலாம். என் கோபம் அதற்காக மட்டுமன்று. அந்த மாணவன் இதை எங்கே இருந்து ஒட்டினான்? பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறையில், ஊவாக் குளிருக்காகக் கதவைச் சாத்திய இரவில், விறகடுப்புக்குப் பக்கத்தில். குழாய்ப் பசையின் கரைப்பான்கள் எளிதில் தீப்பற்றுபவை. அவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து நெருப்பைத் தேடிச் செல்லும். சில பிளாஸ்டிக் சீமெந்துகளில் சேரும் டைகுளோரோமீத்தேன் உடலுக்குள் காபன் மொனொக்சைட்டாக மாறுகிறது. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் அதன் நுகர்வோர் பயன்பாடு முழுவதையும் தடைசெய்யும் விதியை 2024இல் வெளியிட்டது. நம் குழந்தைகளோ "மணம் கூடினால் பலம் கூடும்" என்று நம்பி மூச்சிழுக்கிறார்கள்.

எலுமிச்சை இனப் பழத்தோலிலிருந்து எடுக்கும் லிமொனீன் கலந்த சீமெந்தும் உண்டு. மெதுவாகக் காயும், நெடி குறைவு. அதுவும் தோலை உறுத்தக்கூடும், தீயும் பற்றும். ஆயினும் பொலிஸ்டைரீன் மாதிரிக்கு, குழாய்ப் பசையைவிட ஆயிரம் மடங்கு மேல். அது கிடைக்காத ஊரில் அட்டையும் வெள்ளைப் பசையும் கொண்டு பாலம் கட்டச் சொல்லுங்கள். பிளாஸ்டிக்தான் வேண்டுமென்று பிடிவாதம் பிடிப்பவர்கள், பாடசாலை முற்றத்திலே, பகலிலே, ஆசிரியர் கண்முன்னே ஒட்டவிடுங்கள்.

தெமோதரைப் பக்கத்து அந்தப் பாலத்தை உருக்கின்றிக் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டினார்கள். எதை எதனோடு சேர்ப்பது என்று அறிந்து கட்டியதால் நூறாண்டு கடந்தும் அதன்மேல் ரயில் ஓடுகிறது. அதன் மாதிரியைச் செய்யும் பிள்ளைக்கு அந்த அறிவைக் கொடுக்காமல், புள்ளியைக் குறைக்க மட்டும் நமக்கு என்ன உரிமை இருக்கிறது?