ஒன்றரை மடங்கு வேகம்

எங்கள் வட்டத்து நண்பர் ஒருவர் 'கூழாங்கல்' படத்தைப் பார்த்துவிட்டதாகச் சொன்னார். எப்படி இருந்தது என்று கேட்டோம். "நல்ல படம்தான். கொஞ்சம் மெதுவாகப் போகிறது. அதனால் ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன்" என்றார். 75 நிமிடப் படம் 50 நிமிடத்தில் முடிந்திருக்கிறது. மிச்சம் பிடித்த 25 நிமிடத்தை என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு அவரிடம் விடை இல்லை.

அவர் மேம்போக்கான ரசிகர் அல்லர். தார்க்கோவ்ஸ்கியைப் பற்றியும் மகேந்திரனைப் பற்றியும் எங்களோடு விடிய விடியப் பேசியவர். திரைப்படம் என்பது காலத்தைச் செதுக்கும் கலை என்று தார்க்கோவ்ஸ்கி கருதியதை எங்களுக்கு முதலில் எடுத்துச் சொன்னவரும் அவரே. நாங்கள் சிரித்தோம். பிறகு ஒவ்வொருவராக ஒப்புக்கொள்ள நேர்ந்தது. எங்களில் பெரும்பாலோர் அந்தப் பொத்தானை ஒரு முறையேனும் அழுத்தியவர்கள்தாம்.

கடந்த சில ஆண்டுகளில் பார்த்த படங்கள், தொடர்கள், படித்த புத்தகங்கள் பற்றி எங்களுக்குள் பேசிக்கொண்டவற்றை இங்கே தொகுத்துக்கொள்ள எண்ணியிருந்தோம். எழுதத் தொடங்கியபோது அந்த ஒன்றரை மடங்கு வேகமே எல்லாவற்றின் குறுக்கேயும் வந்து நின்றது.

*

பி.எஸ். வினோத்ராஜின் முதல் படமான 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருது பெற்றது. நம் ஊர்ப் பார்வையாளர்களுக்கு அது கிடைத்தது 2023 அக்டோபரில், ஓடிடி வழியாக. கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். குடிகாரத் தந்தை பள்ளியிலிருந்து மகனை இழுத்துக்கொண்டு, தாய்வீடு போய்விட்ட மனைவியைத் திருப்பி அழைத்துவரச் செல்கிறான். திரும்பும் வழியில் பேருந்துக்குக் காசில்லை. இருவரும் வெயிலில் நடக்கிறார்கள்.

அந்த நடைதான் படம். வறண்ட பொட்டல், அனல், முன்னே நடக்கும் தந்தையின் ஆத்திரம், பின்னே வரும் சிறுவனின் மௌனம். தாகத்திற்கு அவன் வாயில் ஒரு கூழாங்கல்லைப் போட்டுக்கொள்கிறான். வீட்டில் ஏற்கெனவே அத்தகைய கற்கள் குவிந்து கிடப்பதைப் பிறகு காண்கிறோம். இந்த நடை அவனுக்குப் புதிதல்ல என்பதை இயக்குநர் ஒரு சொல்லும் இல்லாமல் சொல்லிவிடுகிறார்.

இறுதியில் ஒரு காட்சி வருகிறது. பள்ளத்தில் சிறிது சிறிதாக ஊறும் கலங்கல் நீரைப் பெண் ஒருத்தி மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுகிறாள். மற்றவர்கள் தம் முறைக்காகக் காத்திருக்கிறார்கள். காமிரா அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. நமக்குப் பொறுமை தீர்கிறது; அவர்களுக்குத் தீரவில்லை. தீர்ந்தால் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஒன்றரை மடங்கு வேகத்தில் அந்த ஊற்று விரைந்து சுரக்கும். அப்பெண்களின் காத்திருப்பில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோகும். நண்பர் பார்த்தது வேறு ஒரு நாடு. அங்கே தண்ணீர்ப் பஞ்சம் சற்றுக் குறைவு.

*

வினோத்ராஜின் அடுத்த படமான 'கொட்டுக்காளி' 2024இல் பெர்லின் விழாவில் இடம்பெற்று, அவ்வாண்டு ஆகஸ்ட் 23 அன்று திரையரங்குகளுக்கு வந்தது. சூரி, அன்னா பென் என அறிந்த முகங்கள், தயாரித்தவர் சிவகார்த்திகேயன். ஆயினும் படத்தில் பின்னணி இசை இல்லை. வேறு சாதி இளைஞனை விரும்பிய மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று குடும்பமே முடிவு செய்து, ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கூட்டிச் செல்கிறது. மீனா ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. அவளைச் சுற்றி இருக்கும் ஆண்களின் பேச்சும், ஆட்டோவின் இரைச்சலும், பலிக்குக் கொண்டுபோகும் சேவலின் தவிப்பும்தான் இசை. வழியை மறித்து நிற்கும் காளை ஒன்றுக்கு அத்தனை ஆண்களும் அஞ்சி நிற்க, ஒரு சிறுமி வந்து அதை அழைத்துச் செல்கிறாள். அந்தக் கணத்தை விளக்க முற்படும் விமர்சகர் தோற்றுப்போவார்.

நகரின் அரங்கு ஒன்றில் மாலைக் காட்சிக்கு எங்களையும் சேர்த்து 11 பேர் இருந்தோம். படம் தன் கேள்வியை நம் கையில் கொடுத்துவிட்டுச் சட்டென்று முடிந்தபோது, பின்வரிசையிலிருந்து ஒருவர் "அவ்ளோதானா?" என்று உரக்கக் கேட்டார். அன்று அவர்மீது எங்களுக்குக் கோபம் வந்தது. இப்போது யோசிக்கையில் மரியாதை வருகிறது. அவர் காசு கொடுத்து வந்தார், எழுந்து போகாமல் கடைசி வரை உட்கார்ந்தார், தமக்குத் தோன்றியதைக் கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் இயக்குநரும் எதிர்பார்த்திருக்கக்கூடும்.

எங்கள் எழுவரில் அந்த வாரம் அரங்கிற்குச் சென்றவர்கள் இருவர். மற்ற ஐவரும் ஓடிடியில் வரட்டும் என்று இருந்துவிட்டார்கள். தமிழில் நல்ல சினிமா இல்லை என்று கட்டுரை எழுதியவர்களும் இந்த ஐவரில் உண்டு.

அதே நாளில்தான் மாரி செல்வராஜின் 'வாழை'யும் வெளியாயிற்று. வாழைத்தார் சுமக்கும் சிறுவர்களின் கதை. தம் பால்யத்திலிருந்து எடுத்தது என்று இயக்குநரே சொன்னார். மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள், அழுதார்கள். எங்களுக்கும் கண் கலங்கியது. ஆனால் எங்கே அழவேண்டும் என்பதை இசை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது என்ற மனக்குறையும் உண்டு. இதே களத்தைத் தம் 'வாழையடி' சிறுகதை முன்பே பேசியிருக்கிறது என்று சோ. தர்மன் சொன்னபோது, அக்கதையைப் படிக்குமாறு மாரி செல்வராஜும் கேட்டுக்கொண்டார். ஒரு திரைப்படத்தின் பெயரால் பலர் ஒரு சிறுகதையைத் தேடிப் படித்தார்கள் என்பது, அந்த விவாதத்தில் எப்பக்கம் நின்றாலும், நல்ல செய்தியே.

*

புத்தகத்திலிருந்து படம் எடுப்பது பற்றி நம் வாசகர்களிடம் ஒரு பழைய புகார் உண்டு: "நாவல் மாதிரி இல்லை." இருக்கவேண்டியதில்லை என்பதே நம் கட்சி. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யை வைத்துக்கொண்டு மகேந்திரன் 1979இல் எடுத்த 'உதிரிப்பூக்கள்' அந்தக் குறுநாவலை விட்டு வெகுதூரம் விலகிப் போனது. விலகியதாலேயே அது நின்றது.

பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்த நாவல். கொலை செய்துவிட்ட சிறுவன் சிதம்பரமும் அவன் தந்தையும் காட்டில் மறைந்து திரிகிறார்கள். நாவலின் பெரும்பகுதி என்ன தின்றார்கள், எங்கே படுத்தார்கள், எப்படி வேட்டையாடினார்கள் என்பதுதான். வஞ்சத்தின் கதையை எதிர்பார்ப்பவருக்கு அடுப்புக் கூட்டிச் சோறாக்குவதைக் காட்டுகிறார் பூமணி. அந்தச் சோற்றில்தான் தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான உறவு வேகிறது. வெற்றிமாறனின் 'அசுரன்' 2019இல் அந்தத் தலைமறைவு வாழ்க்கையைச் சுருக்கி, தந்தையின் இளமைக் காலத்தை நாவலில் இல்லாத பெருங்கதையாக நடுவில் வைத்தது. சிறுவனின் கதை தந்தையின் கதை ஆயிற்று. தனுஷ் தேசிய விருது பெற்றார். படமும் வலுவான படமே. அந்தச் சோறு மட்டும் வேகாமல் போயிற்று. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. படத்தைப் பார்த்தவர்கள் நாவலுக்குப் போகவேண்டிய காரணம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்கிறோம்.

ஜெயமோகனின் 'துணைவன்' சிறுகதையை அடியொற்றி வெற்றிமாறன் எடுத்த 'விடுதலை'யின் முதல் பாகம் (2023) ரயில் விபத்தை வெட்டாமல் நீளும் ஒரே காட்சியாகக் காட்டித் தொடங்குகிறது. பிணங்களுக்கும் ஓலங்களுக்கும் இடையே நம்மை நடத்திச் செல்கிறது. இரண்டாம் பாகத்திலோ (2024) பாத்திரங்கள் நிறையப் பேசுகின்றன. அந்தப் பேச்சில் பெரும்பாலானவற்றோடு எங்களுக்கு உடன்பாடுதான். ஆனாலும் முதல் பாகத்தின் அந்தச் சில நிமிடங்கள் அளித்த கலக்கத்தை, இரண்டாம் பாகத்தின் நீண்ட அரசியல் உரைகள் அளிக்கவில்லை.

*

இனித் தொடர்கள். கல்கி 'பொன்னியின் செல்வ'னை எழுதியது 1950 முதல் 1954 வரை, வாராவாரம். அடுத்த இதழ் வரும்வரை வந்தியத்தேவன் என்ன ஆனான் என்று வீடுகளில் பேசிக்கொண்டார்கள். அந்த ஒரு வார இடைவெளியும் நாவலின் ஓர் அத்தியாயம்தான். அதை எழுதியவர்கள் வாசகர்கள். மணி ரத்னம் 2022, 2023ஆம் ஆண்டுகளில் இரண்டு படங்களாக அதைக் கொடுத்தபோது எங்கள் வீட்டுப் பெரியவர்கள் குறைப்பட்டது இதைத்தான்: எல்லாரும் குதிரையில் விரைகிறார்களே, யாரும் காவிரிக் கரையில் நிற்கவில்லையே!

தொடர்கதையின் உண்மையான வாரிசு இன்று இணையத் தொடர்தான். புஷ்கர், காயத்ரி உருவாக்கிய 'சுழல்' (2022) மயானக் கொள்ளைத் திருவிழாவின் ஊடே ஒரு காணாமற்போன பெண்ணின் கதையைச் சொன்னது. திருவிழாவைப் பின்னணித் திரையாக்காமல் கதையின் உடலாகவே ஆக்கியது அதன் பெருமை. ஆனால் 8 அத்தியாயங்களும் ஒரே நாளில் வந்தன. ஒரே இரவில் பார்த்து முடித்தோம். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கொக்கி. அடுத்தது தானாகவே தொடங்கிவிடுகிறது. காத்திருக்கவும் விடவில்லை, பேசிக்கொள்ளவும் விடவில்லை. மறுவாரம் எங்களுக்கு நினைவிருந்தவை அந்தக் கொக்கிகள் மட்டுமே.

கார்சியா மார்க்வெஸ் 1967இல் வெளியான தம் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலைப் படமாக்க வாழ்நாளில் எவருக்கும் இசையவில்லை. அவர் மறைந்து பத்தாண்டுகள் கழித்து, 2024 டிசம்பரில், புதல்வர்களின் இசைவோடு நெட்ஃபிளிக்ஸ் அதன் முதற்பகுதியை 8 அத்தியாயங்களாக வெளியிட்டது. கொலம்பியாவிலேயே, ஸ்பானிய மொழியிலேயே எடுத்தார்கள் என்பது ஆறுதல். மக்கோந்தோவை மண்ணும் சேறுமாகக் கண்டது மகிழ்ச்சி. ஆனால் நாவல் முன்னும் பின்னும் பாயும் இடங்களைத் தொடர் பெரும்பாலும் காலவரிசையில் நேராக்கிவிடுகிறது. சுருண்ட பாம்பைப் பிடித்து நீட்டி அளந்து பார்த்தது போலத்தான்.

இந்த நாவலில் தூக்கமின்மைக் கொள்ளைநோய் வரும் பகுதி நினைவிருக்கலாம். தூக்கம் போனதும் ஊரார் முதலில் மகிழ்கிறார்கள். வேலை பார்க்க எவ்வளவு நேரம் கிடைக்கிறது! விரைவில் வேலையெல்லாம் தீர்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதன்பின் நினைவு அழியத் தொடங்குகிறது. பொருள்களின்மேல் பெயரை எழுதி வைக்கவேண்டி வருகிறது. எங்கள் நண்பர் மிச்சம் பிடித்த 25 நிமிடம் எங்கே போயிற்று என்பதற்கான விடை இதில் இருக்கிறது.

நெட்ஃபிளிக்ஸ் இந்த வேகப் பொத்தானை 2019இல் சோதித்தபோது ஹாலிவுட் இயக்குநர்கள் சிலர் வெளிப்படையாக எதிர்த்தார்கள். மறு ஆண்டே அது ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு வந்துவிட்டது. பார்வையாளருக்குச் சுதந்திரம் வேண்டாமா என்பது அப்போது சொல்லப்பட்ட வாதம். நியாயமான வாதந்தான். புத்தகத்தில் பக்கங்களைத் தாண்டாதவர் யார்? பிடிக்காத படத்தை நிறுத்திவிட்டுப் போகவும் உரிமை உண்டு. மெதுவான படமெல்லாம் நல்ல படம் என்றும் நாங்கள் சொல்லவில்லை. விழாக்களுக்கென்றே நடையைத் தளர்த்திக்கொண்ட படங்களை நிறையவே பார்த்திருக்கிறோம். எங்கள் குறை வேறு. ஓட்டிப் பார்த்துவிட்டு, பார்த்ததாகச் சொல்கிறோமே, கருத்தும் எழுதுகிறோமே, அதுதான்.

*

இதை எழுதிக்கொண்டிருந்த நாட்களில் இமையத்தின் 'செல்லாத பணம்' நாவலை மீண்டும் படித்தோம். 2018இல் வெளிவந்து, 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். பெற்றோர் விருப்பத்தை மீறி ஆட்டோ ஓட்டுநரை மணந்துகொண்ட ரேவதி தீக்காயங்களோடு ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்கிறாள். வெளியே குடும்பம் காத்திருக்கிறது. செலவழிக்கப் பணம் இருக்கிறது. பணத்தால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. சொன்னதையே திரும்பச் சொல்கிறார்கள், யார்மீது குற்றம் என்று மாறி மாறிப் பேசுகிறார்கள். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஒரு இரவு காத்திருந்தவருக்கு அந்தக் கூறியது கூறல் ஏன் என்று தெரியும். ஆட்டோவில் அமர்ந்திருக்கும் மீனாவையும் கட்டிலில் கிடக்கும் ரேவதியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், தமிழ்ச் சமூகத்தைப் பற்றி ஆய்வு நூல் எதுவும் சொல்லாத ஒன்று புலப்படும். ஆனால் இருவரோடும் நாம் சிறிது நேரம் உட்கார்ந்தாக வேண்டும்.

1965இல் ஜெயகாந்தன் தம் 'உன்னைப்போல் ஒருவன்' நாவலைத் தாமே இயக்கிப் படமாக்கினார். தேசிய அங்கீகாரம் கிடைத்தது, அரங்குகள் கிடைக்கவில்லை. அறுபது ஆண்டுகளாக அதற்கு விநியோகஸ்தர்களைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம். 'கொட்டுக்காளி'க்கு அரங்குகள் கிடைத்தன. கிடைக்காமல் போனவர்கள் நாம்.

ஆகவே எங்களுக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டிருக்கிறோம். அடுத்து இத்தகைய படம் அரங்கிற்கு வந்தால் முதல் மூன்று நாட்களுக்குள் எழுவரும் போவது. நான்காம் நாள் அந்தப் படம் அங்கே இருக்குமென்று எவரும் உறுதி சொல்ல முடியாது. வேகத்தைக் கூட்டிப் பார்த்த படத்தைப் பற்றி எதுவும் எழுதாமலிருப்பது இரண்டாவது விதி. நண்பர் இரண்டையும் ஒப்புக்கொண்டார். சென்ற வாரம் 'கூழாங்கல்'லை மறுபடி, அதற்குரிய வேகத்தில், பார்த்ததாகவும் சொன்னார். எப்படி இருந்தது என்று கேட்டோம்.

"தண்ணீர் நிறையவே இல்லை" என்றார்.