குத்துவதா, ஒட்டுவதா?

தமிழில் "யாருக்கு காது குத்துற?" என்று கேட்டால் ஏமாற்றப் பார்க்கிறாயா என்று அர்த்தம். ஆனால் இப்போது ஃபேன்ஸி ஸ்டோர்களில் விற்கிற காந்தக் கம்மலை மாட்டிக்கொண்டு திரியும் பையன்களைப் பார்த்தால், காது குத்தாமலேயே ஊருக்குக் காது குத்துகிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும் :-)

விஷயம் இதுதான். பி.காம் இரண்டாம் வருடம் படிக்கிற ஒரு பையனுக்கோ, ஏற்கெனவே இருக்கிற ஓட்டைக்கு மேலே இன்னொன்று வேண்டும் என்று ஆசைப்படுகிற பெண்ணுக்கோ ஒரு சந்தேகம். நிஜமாகவே குத்திக்கொள்வதா, இல்லை காந்தம், கிளிப், ஸ்டிக்கர் என்று எதையாவது ஒட்டிக்கொண்டு சமாளிப்பதா?

முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்லிவிடலாம். இந்தப் பையன்களில் பாதிப் பேருக்குக் காது ஏற்கெனவே குத்தியாகிவிட்டது! கைக்குழந்தையாக இருந்தபோது குலதெய்வம் கோவிலில் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, ஆசாரி தங்கக் கம்பியால் குத்தி, கிடா வெட்டி, மொய் நோட்டு எழுதி எல்லாம் ஜோராக நடந்தது. பிறகு பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் கழற்றிவிட்டார்கள், ஓட்டை தூர்ந்துபோய் இப்போது ஒரு புள்ளிதான் மிச்சம். அதே பையன் இருபது வயதில் "அம்மா, காது குத்திக்கட்டுமா?" என்று கேட்டால் வீட்டில் இடி விழுகிறது. "ஏன்டா, பொம்பளப் பிள்ளையாடா நீ?" என்று கேட்கிற அதே கூடத்தில், சுவரில் மாட்டியிருக்கிற கொள்ளுத்தாத்தா போட்டோவில் அவர் இரண்டு காதிலும் கடுக்கன் போட்டுக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருப்பார். அதை யாரும் கவனிப்பதில்லை. தென் மாவட்டங்களில் பாம்படம், தண்டட்டி போட்டுக் காது தோள் வரை தொங்கிய பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் நாம். காதில் ஓட்டை போடுவது நம் ஊருக்குப் புதிய ஃபேஷன் ஒன்றும் இல்லை. ஆகவே "கலாச்சாரம் கெட்டுப்போச்சு" வாதத்தை ஓரமாக வைத்துவிட்டு, உடம்பையும் பர்சையும் பார்ப்போம்.

காமர்ஸ் பாஷையில் சொன்னால், குத்திக்கொள்வது மூலதனச் செலவு, ஒட்டிக்கொள்வது வருவாய்ச் செலவு. முதலாவதில் ஒரே தடவை வலி, பலன் பல வருஷம். இரண்டாவதில் காந்தம் பஸ் நெரிசலில் விழும், ஸ்டிக்கர் வியர்வையில் உரியும், மறுபடி வாங்க வேண்டும். கணக்குப் பார்த்தால் குத்துவதே லாபம் என்று தோன்றும். ஆனால் இந்த மூலதனத்துக்குப் பராமரிப்பு உண்டு, சிலருக்குப் பெரிய நஷ்டமும் உண்டு. அதை எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை.

பெரிய நஷ்டம் என்பது கீலாய்டு. குத்தின இடத்தில் தழும்பு அளவோடு நிற்காமல் உருண்டையாக வளர்ந்துகொண்டே போகும். நம்மைப் போல நிறம் அதிகமுள்ள தோலில் இது வருவதற்கான வாய்ப்பு கூடுதல், காது மடல் அதற்குப் பிடித்த இடம். வெட்டி எடுத்தாலும் திரும்ப வரக்கூடியது, சில சமயம் முன்பைவிடப் பெரிதாகவே. கைக்குழந்தையில் குத்தியபோது ஒன்றும் ஆகவில்லையே என்ற சமாதானமும் செல்லாது, ஏனென்றால் விவரம் தெரிந்த வயதில் குத்தும்போதுதான் இது அதிகம் வருகிறது. அதனால் முதல் வேலை, தடுப்பூசித் தழும்பையும் பழைய வெட்டுக்காயத் தழும்பையும் ஒரு தடவை பார்ப்பது, அம்மா அப்பா அண்ணன் தங்கை யாருக்காவது அப்படி இருக்கிறதா என்று விசாரிப்பது. இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. ஆயுசுக்கும் ஒட்டுக் கம்மல்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

அடுத்தது எங்கே குத்துவது என்ற கேள்வி. கீழே இருக்கும் மெத்தென்ற சதையில் குத்தினால் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ஆறும். மேலே குருத்தெலும்பில் குத்தினால் பல மாதம், சிலருக்கு ஒரு வருஷம் கூட ஆகும். குருத்தெலும்புக்கென்று தனியாக ரத்தக் குழாய் கிடையாது, அதனால் அங்கே கிருமி புகுந்தால் உடம்பு சண்டை போடுவது கஷ்டம், காதின் வடிவமே சுருங்கிப் போகலாம். இதில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை வைத்து டப்பென்று அடிப்பவர்கள் வேறு! அது ஊசி மாதிரி துளைப்பதில்லை, மொட்டையான கம்மல் முனையை வேகமாகத் திணிக்கிறது. அந்தத் துப்பாக்கிகளில் பலவும் பிளாஸ்டிக், கொதிநீராவிக் கருவியில் வைத்து சுத்தம் செய்ய முடியாது. புது ஊசியை நம் கண் எதிரே பாக்கெட் பிரித்து எடுக்கிறவரிடம் போவதுதான் புத்திசாலித்தனம், அவர் டாக்டராக இருந்தாலும் சரி, ஆசாரியாக இருந்தாலும் சரி.

உலோகம் பற்றி ஒரு வார்த்தை. ஆசாரிகள் தங்கத்தால் குத்தியது வெறும் பகட்டு இல்லை. 916 தங்கத்தில் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம், அது தோலோடு சண்டைக்குப் போகாது. மலிவான கவரிங்கில் நிக்கல் கலந்திருந்தால் ஆறாத புண் வழியாக அது உடம்புக்கு அறிமுகமாகி, ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. அப்புறம் ஜீன்ஸ் பட்டனும் பெல்ட் பக்கிளும் கூட வயிற்றில் அரிக்கும். ஐரோப்பாவில் குத்தின ஓட்டையில் போடும் உலோகத்திலிருந்து எவ்வளவு நிக்கல் கசியலாம் என்பதற்குச் சட்டமே வைத்திருக்கிறார்கள். தங்கம் விற்கிற விலையில் முடியாது என்றால் டைட்டானியம் இருக்கிறது.

சரி, ஒட்டுக் கம்மலுக்கு ஆபத்தே இல்லையா? கிளிப்பை ஆறு மணி நேரம் போட்டிருந்தால் மடல் சிவந்து வலிக்கும். காந்தத்தில் வேறு ஒரு வில்லங்கம். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் ஜாக்கிரதை, இரண்டு காந்தத்தை விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவில் ஒன்றை ஒன்று இழுத்துக் குடலையே ஓட்டை போட்டுவிடும். மேசையில் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கிப் போகிற ஹாஸ்டல்வாசிகள் லீவுக்கு ஊருக்குப் போகும்போது இதை ஞாபகம் வைப்பது நல்லது.

ஒட்டுக் கம்மலை "டூப்ளிகேட்" என்று கிண்டல் செய்வதுதான் சுத்த அபத்தம். மேடை நாடகத்தில் போடுகிறவர்கள் அதைத்தான் போடுகிறார்கள். கனமான ஜிமிக்கி போட்டுப் போட்டு ஓட்டை கிழிந்து, தையல் போட்டுக்கொண்ட அக்காக்களும் அதைத்தான் போடுகிறார்கள். (அந்த பாரத்தைத் தாங்கத்தான் நம் ஆட்கள் மாட்டல் என்று ஒன்றைக் கண்டுபிடித்துத் தலைமுடியில் கொக்கி போட்டார்கள். என்ன மூளை!)

அதனால் குழம்புகிறவர்கள் முதலில் இரண்டு மூன்று மாதம் ஒட்டுக் கம்மல் போட்டுப் பார்ப்பதே சரியான வழி. கண்ணாடியில் பழகும், வீட்டிலும் பழகும், அப்பாவின் குரல் படிப்படியாக இறங்கும். ஒரு மாதத்தில் சலித்துவிட்டால் காந்தத்தோடு போயிற்று. மூன்று மாதம் கழித்தும் காலையில் கை தானாக அதைத் தேடினால் தாராளமாகக் குத்தலாம், கீழ் மடலில்.

நாள் பார்ப்பதில் மட்டும் கவனம். பஞ்சாங்கத்தைச் சொல்லவில்லை, காலண்டரைச் சொல்கிறது இந்தப் பதிவு! புதுசாகக் குத்தினதை ஆறு வாரத்துக்குக் கழற்றவே கூடாது. நீட் மாதிரித் தேர்வுகளில் வாசலிலேயே தோடு, மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள் என்பது ஊரறிந்த கதை. போட்டித் தேர்வு எழுதப் போகிறவர்களும், கேம்பஸ் இன்டர்வியூவுக்கு "நீட்டாக வா" என்று எச்சரிக்கப்பட்டவர்களும் பரீட்சை முடிந்த மறுநாளைத் தேர்ந்தெடுப்பது உத்தமம். இன்னொன்று, என்.எஸ்.எஸ். ஆட்களுக்கு. இந்தியாவின் 2017 விதிமுறைப்படி உடம்பில் எங்கே துளை போட்டாலும் 12 மாதத்துக்கு ரத்த தானம் செய்ய முடியாது. கல்லூரியில் முகாம் வருகிறது என்று தெரிந்தால், கொடுத்துவிட்டு வந்து அப்புறம் குத்திக்கொள்ளலாம்.