வட்டியில்லாக் கடனும் விருப்பாச்சி வாழையும்

ஆராய்ச்சி, வளர்ச்சி, புதுமை ஆகியவற்றுக்கென்று ஒரு லட்சம் கோடி ரூபாய் நிதியை 2025 ஜூலை 1 அன்று மத்திய அமைச்சரவை அங்கீகரித்ததும், அதே ஆண்டு நவம்பர் 3 அன்று அது கோலாகலமாகத் தொடங்கி வைக்கப்பட்டதும் வாசகர்கள் அறிந்த விஷயங்களே. அந்தத் தொகையின் பிரம்மாண்டத்தைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. ஆனால் அது எந்த நிபந்தனையின் பேரில், யாருக்கு, எவ்விதமான ஆராய்ச்சிக்குக் கொடுக்கப்படும் என்பதை எழுதியவர்கள் மிகச் சிலர். அந்த நிபந்தனைகளைப் படிக்கப் படிக்க நமக்கு மிஞ்சுவது ஆத்திரம்தான்.

இந்த நிதியிலிருந்து மானியம் என்று ஒரு பைசாவும் கிடைக்காது. குறைந்த வட்டிக்கோ வட்டியே இல்லாமலோ நீண்ட காலக் கடன் உண்டு. பங்கு முதலீடு உண்டு. அதுவும் திட்டச் செலவில் பொதுவாகப் பாதி வரையில்தான். ஆய்வு முயற்சிகளின் முதிர்ச்சியை அளக்க வகுத்திருக்கும் ஒன்பது படிகளில் நான்காவது படியை எட்டாத எதற்கும் இங்கே இடமில்லை. அதாவது, ஆய்வுக்கூடத்தில் ஏற்கெனவே நிரூபணமாகிச் சந்தையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் பண்டம் ஒன்றைக் கையில் வைத்திருக்கிற, வாங்கிய கடனை லாபத்திலிருந்து திருப்பிக் கட்டக்கூடிய கம்பெனிக்கு மாத்திரமே இந்தக் கதவு திறக்கும். கடன் வாங்கித் தொழில் செய்ய முன்வருபவர்களிடம் நமக்கு விரோதம் ஏதும் இல்லை. ஆனால், நோயைக் கண்டறிந்து தடுப்பதையே வேலையாகக் கொண்ட, சந்தையில் விற்பதற்கு எதுவுமே இல்லாத, ஆயினும் ஒரு மலைப் பிரதேசத்தின் ஜீவனமே நம்பியிருக்கிற ஆராய்ச்சிக்காகக் கடன் வாங்க முன்வருபவர் யார், அதைத் திருப்பிக் கட்டப்போகிறவர் யார்?

பாச்சலூரை எடுத்துக்கொள்வோம். ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு வழியாக மலையேறிப் போய்ச் சேருகிற இந்த ஊரும், கீழ்ப்பழனி மலையிலேயே உள்ள கே.சி.பட்டி, தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை முதலிய ஊர்களும், காப்பிச் செடிக்கு நிழலாகவும் குடும்பத்துக்கு வருமானமாகவும் தலைமுறை தலைமுறையாக மலை வாழையை வளர்த்து வந்தவை. விருப்பாச்சி என்றும் சிறுமலை என்றும் அதில் இரண்டு வகை. தண்ணீர் பாய்ச்சுவது கிடையாது. மழையை நம்பி வளர்வது. சமவெளி வாழையைப் போல ஓரிரு தார் வெட்டியதும் கிழங்கைத் தோண்டி எறிந்துவிட்டு மறுநடவு செய்வதும் கிடையாது; ஒருமுறை நட்ட குத்து பக்கக் கன்றுகளை விட்டுக்கொண்டு பல ஆண்டுகள் அதே இடத்தில் நிற்கும். சதையில் ஈரம் குறைவான பழம் என்பதால், பழனியில் பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சிதான் வேண்டும் என்று ஆதிமுதல் கேட்டு வாங்கினார்கள். 2019-இல் அந்தப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது; மலை வாழைக்கு அதற்கு முன்பே கிடைத்திருந்தது. குறியீடு கிடைத்தது, வாழைதான் குறைந்து போயிற்று.

1970-களில் தமிழ்நாட்டு மலைகளில் சுமார் 18,000 ஹெக்டேரில் பயிராகிய மலை வாழை 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியதற்கு முதற் காரணம் முடிக்கொத்து நோய். 1940-களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவுக்குள் புகுந்த இந்த வைரஸ் எப்படி வேலை செய்கிறது என்பதை மலைக்கு வந்து ஒரு குத்தின் அருகே நின்று பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முதலில் இலைக்காம்பிலும் நடுநரம்பின் அடிப்புறத்திலும் கரும்பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் விட்டுவிட்டுத் தோன்றும். அடுத்து வரும் இலை முந்தியதைவிடக் குட்டையாக, குறுகலாக, விளிம்பு மஞ்சளித்து விறைத்து நிற்கும். அதற்கடுத்தது இன்னும் குட்டை. கடைசியில் இலைகள் யாவும் உச்சியில் ஒரே கொத்தாக நெருங்கிவிடும். இளமையில் நோய் கண்ட மரம் தார் போடாது. பிந்திக் கண்ட மரத்திலோ, தார் வெளியே வர வழியின்றித் தண்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். நோயைத் தோட்டத்துக்குத் தோட்டம் எடுத்துச் செல்வது அசுவினிப் பூச்சி; அது போக முடியாத தொலைவுக்கெல்லாம் எடுத்துச் செல்பவன் மனிதன். பக்கத்து ஊரில் பச்சைப்பசேலென்று தெரிந்த கன்றைத் தோளில் சுமந்து வந்து நடுகிற விவசாயிக்கு, அதன் கிழங்கிலேயே நோய் குடியிருப்பது எப்படித் தெரியும்? பல ஆண்டு ஒரே இடத்தில் நிற்பதாகிய மலை வாழையின் சுபாவமே நோய்க்கு நிரந்தர வீடாகிவிட்டது.

இதற்கு மருந்து கிடையாது. தெளிப்பதற்கு ஒரு திரவமும், தூவுவதற்கு ஒரு பொடியும் இந்த வைரஸை அழிக்காது. விஞ்ஞானம் கண்டிருக்கும் வழி வேறு வகையானது. நோயற்ற தாய்மரத்தைத் தேர்ந்தெடுத்து, எலைசா, பி.சி.ஆர். ஆகிய பரிசோதனைகளால் அதைச் சோதித்து, வைரஸ் எளிதில் எட்டாத குருத்து நுனியை மாத்திரம் நறுக்கிக் குப்பியில் திசு வளர்ப்பு முறையில் பெருக்கி, மறுபடியும் சோதித்து, நிழல்வலைக் குடிலில் பழக்கப்படுத்தி, அதன் பின்னரே தோட்டத்துக்குக் கொடுக்க வேண்டும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும், 1993-இல் திருச்சியில் நிறுவப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் இந்த வித்தையில் தேர்ந்த ஸ்தாபனங்கள்; அவர்கள் கொடுத்த கன்றுகளால் மலை வாழை மீண்டும் தளிர்த்த தோட்டங்களும் உண்டு. ஆனால் சுத்தமான கன்றை நட்டுவிட்டதோடு காரியம் முடிவதில்லை. அடுத்த சரிவில் கைவிட்டுப் போட்ட தோட்டத்திலிருந்து அசுவினி வந்தால், நட்டதெல்லாம் பாழ். ஆகவே மலை முழுவதும், குத்துக் குத்தாக நடந்து பார்த்து, நோய் கண்டதைக் கிழங்கோடு பெயர்த்து அழிக்கும் வேலை ஆண்டுக்கு ஆண்டு ஓயாமல் நடந்தாக வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் இதே நோய் 1913-இல் தலைகாட்டி, 1920-களின் நடுவில் வாழைத் தொழிலையே நாசமாக்கியபோது, அசுவினியே அதைப் பரப்புகிறது என்பதை ஆராய்ச்சியால் நிரூபித்தார்கள். சட்டம் இயற்றி, தோட்டங்களைப் பரிசோதகர்கள் மூலம் கண்காணித்து, சுத்தமான கன்றைத் தவிர வேறெதையும் நடலாகாது என்று விதித்தார்கள். நோயை எதிர்க்கும் ரகம் எதுவும் கையில் இல்லாமலேயே, அந்த இடைவிடாக் கவனத்தால் மாத்திரம் தொழில் பிழைத்தது. இன்றும் அந்தக் கண்காணிப்பு தொடர்கிறது. அவர்களுடைய பரிசோதகர் ஒருவர் மலைச்சரிவில் நடந்ததற்கு என்ன வட்டி வந்தது, எந்த ஆண்டில் அசல் திரும்பியது என்று யாரும் கணக்குப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நம் ஊரிலும் ஆராய்ச்சி அங்கேயே நின்றுவிடவில்லை. வைரஸ் பெருகுவதற்கு ஆதாரமான மரபணுவையே முடக்கும் உத்தியை விருப்பாச்சி வாழையின் செல்களுக்குள் செலுத்தி, நோயை எதிர்க்கும் செடிகளை உருவாக்கிய ஆய்வு கோவையிலிருந்து 2013-இல் வெளியாயிற்று. அது உலகத்தில் எந்த வாழை ஆராய்ச்சியோடும் ஒப்பிடத் தக்க வேலை. அதற்குப் பின் எத்தனை மழைக்காலங்கள் போய்விட்டன. பாச்சலூரின் எந்தத் தோட்டத்திலும் அது ஒரு கன்றாக வந்து நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில், வேரைத் தாக்கும் வாடல் நோயை எதிர்க்கும்படி மரபணு மாற்றிய கேவண்டிஷ் வாழைக்கு 2024-இல் அனுமதி கிடைத்தது. அதன் பின்னே இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பு இருக்கிறது. மரபணு மாற்றிய பயிர் வேண்டுமா வேண்டாமா என்பதில் நியாயமான அபிப்பிராய பேதங்கள் உண்டு. அதைப் பற்றி இங்கே வழக்காட நாம் வரவில்லை. ஆய்வுக்கூடத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே உள்ள அந்த நீண்ட தூரத்தை ஒரு விஞ்ஞானி கடக்க வேண்டுமானால், லாபம் கேட்காத பணமும் அவசரப்படாத பொறுமையும் வேண்டும். அந்த இரண்டையும் தர மறுக்கிற திட்டத்துக்கு ஆராய்ச்சி நிதி என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

அடிப்படை ஆராய்ச்சிக்கு வேறு நிதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2023-இல் சட்டம் இயற்றி அமைத்த தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி என்று பிரகடனம் செய்தார்கள். அதில் அரசாங்கத்தின் பங்கு 14,000 கோடி, மீதி 36,000 கோடி தொழிலதிபர்களும் தர்மவான்களும் பிறரும் தருவார்கள் என்று எழுதி வைத்தார்கள். பிறர் தரப்போகும் பணத்தைத் தம் கொடையாக அறிவிப்பது எந்த வகை நிதி நிர்வாகம்? டிஜிட்டல் விவசாயமும் உயிரித் தொழில்நுட்பமும் ஒரு லட்சம் கோடித் திட்டத்தின் பட்டியலில் உண்டே என்றும் சொல்வார்கள். நோயுற்ற இலையைப் படம் பிடித்தால் பெயர் சொல்லும் செயலிக்கு ஒருவேளை கடன் கிடைக்கும். அந்தக் குத்தைத் தோண்டி எடுக்க மண்வெட்டியோடு சரிவில் இறங்கவேண்டிய ஆளுக்குக் கிடைக்காது.

மத்திய அரசாங்கத்தின் பூர்வ சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு இரண்டு பங்கை ஆராய்ச்சிக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் விஞ்ஞானக் கொள்கை மீண்டும் ஒருமுறை உறுதி சொன்னது. 2020-21-இலும் கணக்கு 0.64 என்ற அளவிலேயே நின்றது. 2022 ஜூலையில், ஆராய்ச்சி ஸ்தாபனங்கள் வாங்கும் கருவிகளுக்கு ஐந்து சதவீதமாக இருந்த சலுகை வரியை நீக்கி, பெரும்பாலானவற்றுக்குப் பதினெட்டு சதவீதம் வசூலித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், 1958 முதல் இளம் விஞ்ஞானிகளுக்கு வழங்கி வந்த பட்நாகர் பரிசு வழக்கமான தினத்தில் அறிவிக்கப்படவில்லை. பிறகு வந்த புதிய விருதுகளில் பணமுடிப்பு இல்லை. விஞ்ஞானத்தைப் பரப்புவதற்கென்று 1989-இல் தொடங்கிய விஞ்ஞான் பிரசார் 2023-இல் மூடப்பட்டது. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அதன் தாய்மொழியில் விஞ்ஞானம் போய்ச் சேரும் சில வழிகளில் அதுவும் ஒன்றாக இருந்தது. 1914-இல் கல்கத்தாவில் பிறந்து பெரும்பாலும் ஆண்டுதோறும் கூடிவந்த இந்திய விஞ்ஞானக் காங்கிரஸ் 2024 ஜனவரியில் கூடவில்லை.

இவற்றையெல்லாம் மிஞ்சியது 2024 ஜூலை பட்ஜெட். ஆய்வுக்கூட ரசாயனங்களின் மேல் இறக்குமதி வரியைப் பத்து சதவீதத்திலிருந்து ஒரே மூச்சில் நூற்றைம்பது சதவீதமாக உயர்த்தினார்கள்! யாரோ சிலர் ரசாயனம் என்ற பெயரில் சாராயம் இறக்குமதி செய்வதைத் தடுக்க, நாட்டின் பரிசோதனைக் கூடங்கள் அத்தனையையும் தண்டித்த தீர்மானம் அது. விஞ்ஞானிகள் கூக்குரலிட்ட பிறகு ஆகஸ்டுத் தொடக்கத்தில் திரும்பப் பெற்றார்கள். வரி விதிக்கும் முன் ஒரே ஒரு ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவரைக் கூப்பிட்டு விசாரித்திருந்தால் போதுமே! விசாரிக்கவில்லை. வாழைக் கன்றில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் எலைசாவுக்கும் ரசாயனம்தான் வேண்டும் என்பது அவர்கள் சிந்தையில் தோன்றவேயில்லை. அன்று விசாரிக்காதவர்கள்தான் இன்று ஒரு லட்சம் கோடிக்கு விதி எழுதியிருக்கிறார்கள்.

இந்த மலைகள் ஒரு பயிரை ஏற்கெனவே இழந்திருக்கின்றன. காப்பியோடு ஊடுபயிராக நின்ற கமலா ஆரஞ்சு நோயால் நலிந்து மறைந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்லுவார்கள். வாழையும் அவ்வழியே போவதை நிதி விதிகளின் பேரால் நியாயப்படுத்த யாருக்கும் உரிமையில்லை. திருப்பிச் செலுத்த வேண்டாத, மலைப் பயிர்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட, ஆண்டுக் கணக்கில் நீடிக்கும் ஒரு பங்கை ஏதேனும் ஒரு வகையில் இந்த நிதியிலிருந்தோ வேறு நிதியிலிருந்தோ தந்தாக வேண்டும். அதற்கான வழியைக் கோவையிலும் திருச்சியிலும் தாண்டிக்குடியிலும் வேலை செய்கிற விஞ்ஞானிகளையும் பாச்சலூர் விவசாயிகளையும் உட்கார வைத்துக் கேட்டாவது கண்டுபிடிக்க வேண்டும். விதிகளை மாற்ற மாட்டோம் என்றால், சித்திரை நடவுக்குப் பரிசோதித்த கன்று கேட்டு வருகிற விவசாயியிடம் எந்தக் கம்பெனியைப் போய்ப் பார்க்கச் சொல்வது என்பதையாவது அவற்றை எழுதியவர்கள் பகிரங்கமாகச் சொல்லட்டும்.