முதுகுவலிக்கு மாத்திரை போட்டா போதுமா?

அம்மாவோ அப்பாவோ முதுகு வலிக்குதுனு சொன்னா நம்ம வீடுகள்ல என்ன நடக்குது? மெடிக்கல் ஷாப்ல ஒரு வலி மாத்திரை, மேல தடவ ஒரு தைலம், "வயசாச்சுல்ல" என்று ஒரு சமாதானம். இந்தப் பழக்கத்தை நாம மாத்தணும். அதற்கு ஒரு முக்கியமான காரணம் மைலோமா என்ற புற்றுநோய்.

எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் இருக்கு. கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடிகளைத் தயாரிப்பது இவற்றின் வேலை. அதில் ஒரு செல் கெட்டுப்போய்க் கட்டுப்பாடில்லாமல் பெருகினால் அதுதான் மைலோமா. பெருகிய செல்கள் எல்லாம் ஒரே மாதிரியான, எதற்கும் உதவாத புரதத்தைச் சுரக்கும். அந்தப் புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எலும்பு அரித்து, அதன் கால்சியம் ரத்தத்தில் கலக்கும். நல்ல ரத்த அணுக்கள் குறைந்து ரத்தசோகை வரும்.

சிக்கல் என்னன்னா, தனித்தனியாப் பார்த்தா இதெல்லாம் சாதாரணமாத் தெரியும். முதுகுவலிக்கு ஒரு டாக்டர், சோர்வுக்கு இரும்புச்சத்து மாத்திரை, அடிக்கடி வர்ற காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக். லாக் ஃபைலை முழுசாப் படிக்காம ஒவ்வொரு எர்ரரையும் தனியா மூடுற கதைதான். நடிகை கிரண் கேர் அப்போது எம்.பி.யாகவும் இருந்தார். 2020 நவம்பரில் கை முறிந்து சிகிச்சைக்குப் போன பிறகுதான் அவருக்கு மைலோமா இருப்பது தெரிந்தது.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் மாதிரியான வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. மைலோமா இருக்கிறவங்க அது தெரியாமலே இதை விழுங்கிக்கொண்டிருந்தால் பாதிப்பு இரட்டிப்பாகும்.

"அப்போ ஒவ்வொரு முதுகுவலிக்கும் பயப்படணுமா?" வேண்டாம். பெரும்பாலான முதுகுவலிக்கும் மைலோமாவுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனா 50 வயசைத் தாண்டியவருக்கு வாரக்கணக்கில் வலி குறையல, கூடவே சோர்வு, ரத்தசோகை, எடைக்குறைவு, திரும்பத் திரும்பத் தொற்று இருக்குன்னா, எல்லாத்தையும் ஒரே டாக்டர்கிட்ட சேர்த்துச் சொல்லணும். ரத்த அணுக்களின் எண்ணிக்கை, இ.எஸ்.ஆர்., கிரியேட்டினின், கால்சியம், மொத்தப் புரதம் ஆகியவை எல்லாம் சாதாரண லேப்பிலேயே பார்க்கிற டெஸ்ட்தான். சந்தேகம் வந்தால் புரத எலக்ட்ரோபோரெசிஸ் பரிசோதனைக்கு டாக்டரே எழுதித் தருவார்.

மைலோமாவை முழுசாக் குணப்படுத்துவது இன்னும் அரிது. ஆனால் போர்டெசொமிப், லெனாலிடொமைட் போன்ற மருந்துகளாலும், நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களையே திரும்பச் செலுத்தும் சிகிச்சையாலும் பலர் ஆண்டுக்கணக்கில் நல்லா வாழ்றாங்க. சிறுநீரகம் செயலிழந்து, முதுகெலும்பு நொறுங்கிய பிறகு போனால் அந்த வாய்ப்பு சுருங்கிடும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, பீரோவுல கிடக்கிற பழைய லேப் ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியா அடுக்கிப் பாருங்க. ஹீமோகுளோபின் வருஷாவருஷம் இறங்குதா, கிரியேட்டினின் ஏறுதானு பார்க்க அரை மணி நேரம் போதும். ஏதாவது இடிச்சா, அந்த ஃபைலோட அவங்களை டாக்டர்கிட்ட நீங்களே கூட்டிட்டுப் போங்க.