ஸ்கேனர் சொல்லாத கோளாறு

இன்றைய கார்களில் இஞ்ஜினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று எனப் பல கம்ப்யூட்டர்கள் உள்ளன. ஓ.பி.டி. சாக்கெட்டில் ஒரு ப்ளூடூத் அடாப்டரைச் செருகினால் போதும். கோளாறுக்கான எர்ரர் கோடுகளை நம் மொபைலிலேயே படித்துவிடலாம். நல்ல வசதிதான். ஆனால் "எர்ரர் இல்லை" என்று திரையில் வந்துவிட்டால் வண்டி முழுவதும் நலம் என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். இது ஆபத்தான நம்பிக்கை என்பது என் கருத்து. ஷாக் அப்சார்பரையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் அதன் பெயரே நம்மைக் குழப்புகிறது. பள்ளத்தில் விழும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. குழாய்க்குள் எண்ணெய், அதற்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சிறு துளைகளும் வால்வுகளும். சக்கரம் ஆடும்போது எண்ணெய் அந்தத் துளைகள் வழியே சிரமப்பட்டுப் புகுந்து வருகிறது. ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறி வெளியேறிவிடுகிறது. அவ்வளவுதான்!

இதிலும் கம்ப்யூட்டர் நுழைந்துவிட்டது. 2002-ல் காடிலாக் செவில் எஸ்.டி.எஸ். காரில் வந்த மேக்னரைடு முறையில், எண்ணெயில் இரும்புத் துகள்கள் கலந்திருக்கும். பிஸ்டனில் உள்ள காயிலில் மின்சாரம் பாய்ந்தால் காந்தப்புலத்தில் எண்ணெய் சில மில்லி செகண்டுகளில் கெட்டியாகும். சென்சார்கள் தரும் தகவலை வைத்து எவ்வளவு கெட்டியாக வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும்.

ஆனால் நம்மில் பெரும்பாலோரின் கார்களில் இருப்பது சாதாரண எண்ணெய் ஷாக் அப்சார்பர். அதில் சென்சாரும் இல்லை, வயரும் இல்லை. எண்ணெய் முழுவதும் கசிந்து போனாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தெரியாத கோளாறுக்கு எர்ரர் கோடு எப்படி வரும்?

"அதனால் என்ன, கொஞ்சம் குலுங்கும், அவ்வளவுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். அப்படியல்ல. ஷாக் அப்சார்பர் தளர்ந்தால் மேடுபள்ளத்தில் டயர் துள்ளும். துள்ளும் டயருக்குச் சாலையில் பிடிப்பு குறையும். அந்த நேரத்தில் பிரேக் பிடித்தால் சக்கரம் எளிதில் லாக் ஆகப் பார்க்கும். ஏ.பி.எஸ். கம்ப்யூட்டர் உடனே பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும். வண்டி நிற்க வேண்டிய தூரம் நீளும். ஏ.பி.எஸ். எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும், சாலையைத் தொடாத டயரை வைத்து எதுவும் செய்ய முடியாது.

பழைய கார் வாங்குவோருக்கு ஸ்கேனர் ரிப்போர்ட்டை நீட்டி "எல்லாம் ஓகே" என்பது இப்போது வழக்கமாகி வருகிறது. அந்தக் காகிதத்தை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். சர்வீஸ் சென்டர்களும் லேப்டாப்பை மாட்டிப் பார்ப்பதோடு நிற்காமல், வண்டியைத் தூக்கி அடியில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

நீங்களே சிலவற்றைப் பார்க்கலாம். ஷாக் அப்சார்பர் மேல் எண்ணெய் வழிந்திருக்கிறதா? டயரில் அங்கங்கே குழி குழியாகத் தேய்மானம் உள்ளதா? பிரேக் பிடித்தால் முன்பக்கம் அதிகமாகக் குனிகிறதா? காரின் ஒரு மூலையை அழுத்தி விடுங்கள். ஓரிரு அசைவில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தால் மெக்கானிக்கிடம் போக வேண்டும். உடனே நின்றுவிட்டாலும் நூறு சதவீதம் நல்லது என்று அர்த்தமில்லை. மாற்றுவதானால் இடது, வலது இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள்.

கம்ப்யூட்டரை நான் குறை சொல்லவில்லை. சென்சார் இருக்கும் இடத்தை மட்டுமே அதனால் பார்க்க முடியும். மற்ற இடங்களை நாம்தான் குனிந்து பார்க்க வேண்டும்.