எல்லாத்தையும் வரையணுமா? டிஜிட்டல் கட்டட மாதிரிக்கு எவ்வளவு விவரம் போதும்?

ஒரு வாஷ்பேசினை கம்ப்யூட்டரில் வரைய வேண்டும். வெறும் பெட்டியாக வரைந்தால் போதுமா, இல்லை விளிம்பின் வளைவு, குழாய்த் துளை, பளபளப்பு வரைக்கும் கொண்டுவர வேண்டுமா? கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால், மருத்துவமனை, மெட்ரோ நிலையம் மாதிரியான பெரிய கட்டடங்களை டிஜிட்டலில் வடிவமைக்கும்போது, இந்தச் சின்ன விஷயம்தான் நேரத்தையும் பணத்தையும் விழுங்குகிறது.

பதில் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். பீங்கானுக்கும் பழைய கோயிலுக்கும் பேர்போன விருத்தாசலத்திலேயே இருக்கிறது.

‘பிம்’, ‘எல்ஓடி’... அப்படின்னா?

‘பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங்’ என்பதன் சுருக்கம்தான் ‘பிம்’. இது வெறும் முப்பரிமாணப் படம் அல்ல. திரையில் ஒரு சுவரைத் தொட்டால் அதன் தடிமன், பொருள், அதற்குள் ஓடும் குழாய் என எல்லாத் தகவலும் வரும்.

இதில் ஒவ்வொரு பொருளையும் எந்த அளவுக்கு வரையறுப்பது என்பதற்கு அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் சங்கம் 2008-ல் ஓர் அளவுகோல் தந்தது. அதுதான் எல்ஓடி. 100 என்றால் ஓர் அடையாளம், 200 என்றால் உத்தேச அளவு, 300 என்றால் சரியான அளவு, 400 என்றால் அதை வைத்தே பொருளைத் தயாரிக்கலாம், 500 என்றால் கட்டி முடித்த பிறகு நேரில் சரிபார்த்தது.

குழப்பமும் இங்கேதான். எல்ஓடி-யின் கடைசி எழுத்து ‘டீடெய்ல்’ என்றே பலரும் நினைக்கிறார்கள். அந்த அளவுகோலில் அது ‘டெவலப்மென்ட்’. அதாவது, படம் எவ்வளவு அழகா இருக்கு என்பது கேள்வி இல்லை. அதை எவ்வளவு நம்பி வேலையை ஆரம்பிக்கலாம் என்பதுதான் கேள்வி.

பேசினுக்குத் தேவை மூணே மூணு

பிளம்பருக்கு என்ன வேண்டும்? தரையிலிருந்து உயரம், கழிவுநீர்க் குழாய் வரும் இடம், முன்னால் ஆள் நிற்க இடைவெளி. இந்த மூன்றும் சரியாக இருந்தால், பேசின் திரையில் பெட்டியாகத் தெரிந்தாலும் நஷ்டமில்லை. மாறாக, ஒவ்வொரு வளைவையும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன முக்கோணங்களாக வரைந்து, அதை 300 அறைகளில் வைத்தால், ஃபைல் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம்.

அந்தத் துல்லியம் உண்மையும் அல்ல. காயும்போதும் சூளையில் வேகும்போதும் பீங்கான் 10 சதவீதம் அளவுக்குச் சுருங்குவது சாதாரணம். அதனால்தான் அச்சையே பெரிதாகச் செய்கிறார்கள். அப்படியும் இரண்டு பேசின்கள் இம்மி பிசகாமல் ஒரே அளவில் வராது. விருத்தாசலம் தொழிற்பேட்டையில் அகல் விளக்கும் பொம்மையும் செய்பவர்களுக்கும், அங்குள்ள அரசு செராமிக் தொழில்நுட்பக் கல்வி நிலைய மாணவர்களுக்கும் இது பாலபாடம். சூளையே தராத துல்லியத்தைத் திரையில் காட்டுவது, பார்ப்பவரை ஏமாற்றும் வேலை.

அதே ஊர், நேர் எதிரான கதை

விருத்தகிரீஸ்வரர் கோயிலின் அர்த்தநாரீஸ்வரர் கற்சிலை திருடப்பட்டு, சிலைக் கடத்தல் வழக்கில் சிக்கிய சுபாஷ் கபூர் மூலம் 2004-ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டது. கோயிலில் இருந்தபோது எடுத்த பழைய புகைப்படங்கள், அது எந்த ஊர்ச் சிலை என்பதைக் காட்டிக்கொடுத்தன. 2014 செப்டம்பரில் அன்றைய ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட், டெல்லியில் பிரதமர் மோடியிடம் சிலையை ஒப்படைத்தார்.

இப்போது அந்தக் கோயிலுக்கு ஒரு டிஜிட்டல் மாதிரி செய்வதாக வைத்துக்கொள்வோம். சுவரின் பலத்தைக் கணக்கிடும் பொறியாளருக்குச் சிலை மாடம் வெறும் செவ்வகப் பள்ளம். அவர் வேலைக்கு அது போதும். திருட்டை விசாரிக்கும் போலீஸுக்கோ சிலையின் ஒவ்வொரு சிராய்ப்பும் சாட்சி. சுவரின் ஒவ்வொரு கல்லையும் வரைந்துவிட்டு மாடத்தைக் காலியாக விட்டால், விவரம் நிறைய இருக்கும், பயன் இருக்காது.

‘எதுக்கும் இருக்கட்டும்’ என்பது தப்பா?

இதற்கு எதிர்வாதமும் உண்டு. நாளைக்கு எது தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்? பாரிஸின் நாட்டர்டாம் தேவாலயத்தை 2010-ல் ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றுப் பேராசிரியர் லேசர் கருவியால் அளந்தார். 100 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள். இடைக்காலக் கொத்தனார்கள் எப்படிக் கட்டினார்கள் என்று புரிந்துகொள்வதே அவர் நோக்கம். 2019 தீ விபத்துக்குப் பிறகு, அந்தப் பதிவு மீட்புப் பணிக்குக் கைகொடுத்தது.

நியாயமான வாதம்தான். ஆனால், பதிவு வேறு, மாதிரி வேறு. லேசர் பதிவைச் சில நாட்களில் எடுத்துச் சேமித்துவிடலாம். அதைச் சுவர், தூண், கதவு எனப் பிரித்து மாதிரியாக்க மாதக்கணக்கில் ஆட்கள் உட்கார வேண்டும். அதோடு, கட்டடத்தில் ஒரு குழாயை மாற்றினால் மாதிரியிலும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால், மாதிரி பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். எனவே பதிவை முழுசா எடுங்கள். மாதிரியைத் தேவைக்கு மட்டும் செய்யுங்கள்.

நாலு கேள்வி கேட்டால் போதும்

2020-ல் வந்த ஐரோப்பியத் தரநிலை ஒன்று, ஒற்றை எண்ணுக்குப் பதிலாக நான்கு கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது: எதற்காக? எந்தக் கட்டத்தில்? யாருக்கு? எந்தப் பொருளுக்கு?

இந்தியாவின் 2022 தேசிய புவிசார் கொள்கை, 2035-க்குள் முக்கிய நகரங்களுக்கு டிஜிட்டல் இரட்டை வடிவம் வேண்டும் என்கிறது. செலவாகப்போவது மக்களின் வரிப்பணம். ‘எல்லாவற்றுக்கும் எல்ஓடி 400’ என்று டெண்டரில் ஒற்றை வரி எழுதுவது அதிகாரிக்குச் சுலபம். ஆனால், சிறிய நிறுவனங்கள் அந்த வரியைப் பார்த்தே ஒதுங்கிவிடும். ஏலம் எடுக்கும் பெரிய நிறுவனம் பேசினின் பளபளப்புக்கும் சேர்த்து பில் போடும்.

ஒற்றை வரிக்குப் பதில் ஒரு பட்டியல் போதும். எந்தப் பொருளை, யார், எதற்குப் பயன்படுத்துவார் என்று பொருள்வாரியாக எழுதிய பட்டியல். அதில் பேசினுக்கு எதிரே மூன்று அளவுகள் இருந்தால் போதும். சிலைக்கு எதிரே, ஒரு சிராய்ப்பு விடாத பதிவு கட்டாயம் இருக்க வேண்டும்.