ஏழைகள் நம் கணக்கேட்டில் எங்கே?

பங்குப் பேரவைக் கூட்டங்களில் ஆண்டுதோறும் ஒருமனதாக நிறைவேறும் தீர்மானம் ஒன்று உண்டு. ஏழை எளியோர்க்கென நம் ஆலயத்தின் சார்பில் இரக்கப் பணி ஒன்று தொடங்கப்பட வேண்டும் என்பதே அது. முன்மொழிபவர் எழுந்து நின்று பேசுவார், வழிமொழிபவர் உட்கார்ந்தபடியே தலையசைப்பார், எதிர்ப்பவர் எவருமிலர். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறிவிடும். அடுத்த ஆண்டு அதே தீர்மானம் மீண்டும் வரும். ஒருமுறை நிறைவேறியது ஏன் மறுமுறையும் நிறைவேற வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. தாம்பரத்தைச் சூழ்ந்த புறநகர்ப் பங்குகளில் பல்லாண்டுகள் பணியாற்றிய நாமும் கேட்டதில்லை. இப்போதாவது கேட்போம்.

நிதியில்லை என்பது வழக்கமான விடை. இதனைச் சோதிக்கப் பெரிய ஆய்வு வேண்டா. பங்கின் ஆண்டுக் கணக்கைப் புரட்டினால் போதும். கொடியேற்றம், தேர்ப்பவனி, மின்விளக்கு அலங்காரம், வாணவேடிக்கை, ஒலிபெருக்கி, மறையுரையாளர்க்குப் பொன்னாடை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தலைப்பு உண்டு. கோபுரத்திற்கு வண்ணம் பூசுவதற்குத் தலைப்பு உண்டு. ஏழைகளுக்கு? ‘இதர செலவுகள்’ என்னும் கடைசி வரியில், தபால்தலைக்கும் துடைப்பத்திற்கும் நடுவே அவர்கள் ஒடுங்கிக் கிடக்கிறார்கள். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, திருச்சபை எதற்காகச் சொத்து வைத்திருக்கலாம் என்பதை 1254-ஆம் எண்ணில் தெளிவாக வரையறுக்கிறது. இறைவழிபாடு, திருப்பணியாளரின் வாழ்வூதியம், திருத்தூதுப் பணி, சிறப்பாகத் தேவையில் உழல்வோர்க்கான பிறரன்புப் பணி ஆகியவையே அந்நோக்கங்கள். முதல் இரண்டையும் நாம் மறந்ததேயில்லை. கடைசியாக வருவதற்கு மட்டும் எப்போதும் நிதியில்லை.

முன்னோர் இவ்வாறு கணக்கெழுதவில்லை. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் உரோமையில் எழுதிய மறைச்சாட்சி புனித ஜஸ்டின், ஞாயிறு வழிபாட்டை விவரிக்கையில், அப்பம் பகிர்வதோடு நிறுத்திவிடவில்லை. வசதியுள்ளோர் மனமுவந்து தந்த காணிக்கை தலைவரிடம் சேர்க்கப்படுவதையும், அவர் அதைக் கொண்டு அநாதைகள், கைம்பெண்கள், நோயுற்றோர், சிறைப்பட்டோர், அயலூரிலிருந்து வந்து தங்கியோர் அனைவரையும் பேணுவதையும் வழிபாட்டின் பகுதியாகவே சொல்கிறார். 251-ஆம் ஆண்டில் திருத்தந்தை கொர்னேலியு உரோமைச் சபையின் நிலவரத்தை ஒரு மடலில் கணக்கிட்டுக் காட்டினார். குருக்கள் 46 பேர். சபை பராமரித்த கைம்பெண்களும் வறியோரும் 1,500-க்கும் மேல். ஆட்சியாளரின் கெடுபிடிக்கு அஞ்சி வாழ்ந்த ஒரு கூட்டம் அத்தனை பேருக்குச் சோறிட்டது. திருத்தொண்டர் என்னும் திருநிலையின் தொடக்கத்தை நாம் எங்கே காண்கிறோம்? திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தில், கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்ற முறையீட்டில் அன்றோ! திருச்சபையின் முதல் நிர்வாகச் சிக்கலே சோற்றுப் பந்தியில்தான் எழுந்தது. நான்காம் நூற்றாண்டில் புனித பெரிய பசிலியார் செசரியா நகருக்கு வெளியே நோயாளருக்கும் வழிப்போக்கருக்கும் ஏழையருக்கும் இல்லங்கள் எழுப்பினார். அதைப் புதிய நகரம் என்றே மக்கள் போற்றினர். நகரத்திற்கு வெளியே என்பதைக் கவனிக்க வேண்டும். நாமும் நகரத்திற்கு வெளியே இருப்பவர்கள்தாம்.

அதற்குத்தான் மறைமாவட்டச் சமூகப்பணி மையம் இருக்கிறதே என்பர் சிலர். அம்மையங்களின் அரும்பணியைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. வெள்ளத்திலும் புயலிலும் அவை ஆற்றிய தொண்டு பெரிது. ஆனால் அவற்றின் பெயரால் ஒரு பெருந்தவறு நம்மிடையே வேரூன்றிவிட்டது. இரக்கத்தை ஓர் அலுவலகத்திடம் ஒப்படைத்துவிட்டு, வழிபாட்டை மட்டும் நாம் வைத்துக்கொண்டோம். வெளிநாட்டுத் திருச்சபைகளின் காசில் நம் தெருவின் ஏழை உண்டான். நம் காசில் நம் கோபுரம் உயர்ந்தது. அந்த ஏற்பாடும் இன்று தளர்ந்துவிட்டது. 2020-இல் அயல்நாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டபின், ஒரு நிறுவனம் தான் பெற்ற வெளிநாட்டு நிதியை மற்றொரு நிறுவனத்திற்குப் பகிர்ந்தளிக்க இயலாது. நிர்வாகச் செலவின் வரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைக்கப்பட்டது. இச்சட்டத்தைக் கடிந்து நாம் பேசியதுண்டு. பேசுவதற்குக் காரணமும் உண்டு. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: தெருமுனையில் இருப்பவரைக் கவனிக்க ஜெர்மனியிலிருந்து பணம் வர வேண்டும் என்று நாம் காத்திருந்தது நமக்கு அழகன்று.

நம் தாய்மார்களிடம் பிடியரிசி என்னும் வழக்கம் இருந்தது. அன்றாடம் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் போட்டு வைப்பர். தென்மாவட்டங்களிலிருந்து வந்து சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் மேடவாக்கத்திலும் குடியேறியுள்ள நம் குடும்பங்களில் மூத்தோர்க்கு அது நினைவிருக்கும். அந்தப் பானைக்குத் திட்ட அறிக்கை தேவைப்படவில்லை.

இனி, சற்று வலுவான வாதம் ஒன்று. அரசே எல்லாம் தருகிறதே, நாம் எதற்கு? தமிழகத்தில் 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசி இலவசம். 2022 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும், 2023 முதல் மகளிர்க்கு மாதம் 1,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. இவை நல்லவை; நாம் கொடுக்கக்கூடியதைவிடப் பெரியவை. ஏழைக்கு ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கிக் கொடுத்து நிழற்படம் எடுப்பதே இரக்கப் பணி என்று எண்ணுவோர்க்கு இவ்வாதம் சரியான அடிதான். அரிசிப் பை இன்று மிக எளிய காரியம். அதனால்தான் நாம் அதையே விரும்புகிறோம்.

இங்கே நம் குற்றம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், நாம் பொறுப்பிலிருந்த பங்கில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நாள் ஏழைப் பெண்களுக்குச் சேலை வழங்கினோம். அன்பியங்கள் வாயிலாக முன்னரே டோக்கன் கொடுத்திருந்தோம். டோக்கன் இல்லாத முதியவர் ஒருவர் வரிசையில் நின்றிருந்தார். தொண்டர் ஒருவர் அவரை வெளியே போகச் சொன்னார். நாம் பார்த்தோம், பேசவில்லை. சிறப்பு விருந்தினருடன் நிழற்படத்திற்கு நின்றுகொண்டிருந்தோம். அந்தத் தவக்காலத்தில், இரயில் பாதையோரக் குடியிருப்பில் நோயாளி ஒருவர்க்கு நற்கருணை கொண்டு சென்றபோது, அடுத்த அறையில் அதே முதியவர் படுத்திருக்கக் கண்டோம். காசநோய். சேலையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தலைமாட்டிலிருந்த தகரப் பெட்டியைக் காட்டி, “சாமி, இதுல எது காலையில, எது ராத்திரின்னு யாராச்சும் படிச்சுச் சொன்னாத் தேவலை” என்றார். பெட்டியில் பல வாரத்து மாத்திரைகள் அப்படியே இருந்தன. அவர் எந்தச் சபையினர், எந்தச் சமயத்தினர் என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

காசநோய்க்கு மருந்து இலவசம். சத்துணவுக்கென நோயாளியின் வங்கிக் கணக்கில் 2018 முதல் மாதம் 500 ரூபாய் வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ஆயிற்று. இவ்வளவும் அரசு செய்யும். குறைந்தது ஆறு மாதங்கள் மாத்திரையை நிறுத்தாமல் விழுங்க வேண்டும். நடுவில் விட்டால் மருந்துக்கு அடங்காத நோயாக அது மாறக்கூடும். அந்த ஆறு மாதமும் வந்து உட்கார்ந்து, சீட்டைப் படித்து, ‘நேற்று விழுங்கினீர்களா?’ என்று கேட்கும் ஒருவரை எந்த வங்கிக் கணக்கிலும் போட முடியாது. இரக்கப் பணிக்கு இடமில்லை என்பவர்க்கு நம் மறுமொழி இதுவே.

தாம்பரத்துக் கத்தோலிக்கர்க்கு இவ்விடத்தைத் தேடி அலையவும் தேவையில்லை. மின்தொடர் வண்டியில் நாள்தோறும் அதைக் கடந்துதானே செல்கிறோம்! தாம்பரம் சானடோரியம் என்று நிலையத்தின் பெயர்ப்பலகையே சொல்கிறது. இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று, அங்கேயே காசநோய் மருத்துவமனை நடத்தி, கணிதமேதை இராமானுஜனுக்கும் சிகிச்சை அளித்த டாக்டர் சவுரிமுத்து 1928-இல் இங்கு அதனைத் தொடங்கினார். 1937-இல் அது அரசின் பொறுப்பில் வந்தது. 1990-களில், எய்ட்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே ஊர் கதவடைத்த காலத்தில், அந்நோயாளர்களை ஏற்றுக்கொண்ட பெருமையும் இந்த மருத்துவமனைக்கு உண்டு. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் நோயாளர் இங்கு வந்தனர்; உடன் ஆளின்றித் தனியே வந்தவரும் அவர்களுள் உண்டு. அரசு ஊழியர் கதவைத் திறந்தனர். அதே இரயிலில் ஜெபமாலை உருட்டிக்கொண்டு சென்ற நம்மில் எத்தனை பேர் இறங்கினோம்?

இறங்கும் பழக்கம் நமக்கு அறவே இல்லை என்று சொல்வதும் முறையன்று. 2015 டிசம்பர் முதல் நாள் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டி, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, நம் இளைஞர் கழுத்தளவு நீரில் நடந்தனர். ஆலய மண்டபங்களில் பாய் விரிக்கப்பட்டது. எவர் எம்மதம் என்று பார்க்கப்படவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அவ்வாறே. பேரிடரில் நாம் பெருமக்கள். நீர் வடிந்தது, இரக்கமும் வடிந்தது. அடையாற்றங்கரையில் வீடிழந்து பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள், வீட்டுவேலைக்கும் கூலிவேலைக்கும் இன்றும் இருபதுக்கு மேற்பட்ட கிலோமீட்டர் பேருந்தேறிச் செல்கின்றன. தாய் வேலையிலிருந்து திரும்பும்வரை பிள்ளை எங்கே இருக்கிறது? அது பேரிடரன்று, ஆகவே நம் கண்ணில் படுவதில்லை.

உதவினால் மதமாற்றம் என்று பழி வருமே என்று அஞ்சுவோரும் உளர். 2005-இல் கையொப்பமிட்ட தம் முதல் சுற்றுமடலில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், பிறரன்பு எதையும் அடைவதற்கான கருவியாகக் கூடாது என்று தெளிவுபடுத்திவிட்டார். அதே மடலில், இறைவார்த்தையையும் அருளடையாளங்களையும் போலவே இப்பணியையும் திருச்சபை கைவிட இயலாது என்றார். துண்டறிக்கை கொடுக்காமல் மாத்திரை கொடுப்பவரை எவரும் குற்றம் சாட்டப்போவதில்லை. சாட்டினால் சாட்டட்டும்.

இவை எல்லாவற்றிலும் நம்மை உறுத்துவது வேறொன்று. வின்சென்ட் தே பவுல் சபையின் உதவிப் பட்டியலில் இருப்பவர்களுள் ஒருவரேனும் நம் பங்குப் பேரவையில் உண்டா? பொன் மோதிரமிட்டவனுக்கு நல்ல இருக்கையும் கந்தையுடுத்தவனுக்குக் காலடியும் காட்டிய சபையை யாக்கோபு தம் திருமுகத்தில் கடிந்தார். நாமோ இருக்கையே காட்டுவதில்லை, வரிசையைக் காட்டுகிறோம். அந்த வரிசையில் எந்தச் சாதியினர் மிகுதி, மேடையில் எந்தச் சாதியினர் மிகுதி என்பது நம் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே பேசாதிருக்கிறோம். இருபது வயது மாணவரான பிரெடரிக் ஓசானாம் 1833-இல் பாரிசில் அந்தச் சபையைத் தொடங்கியபோது, பொருளை ஆலய வாசலில் வைத்து வழங்கவில்லை. ஏழையின் வீட்டிற்குச் சென்று அமர்வதையே அடிப்படைப் பணியாக்கினார். வீட்டிற்குச் செல்பவனுக்கு வறியவரின் பெயர் தெரியும். மேடையில் நிற்பவனுக்கு டோக்கன் எண் தெரியும்.

எனவே தொடக்க விழா வேண்டா. சிறப்பு விருந்தினர் வேண்டா. அறக்கட்டளைப் பதிவும் கட்டடமும் முதலில் வேண்டா. ஞாயிறு காணிக்கையில் பத்தில் ஒரு பங்கை, வேறு எந்தச் செலவுக்கும் முன், கணக்கேட்டின் முதல் வரியில் எழுதுவோம். அதை எவ்வாறு செலவிடுவது என்று தீர்மானிக்கும் குழுவில் பாதிப்பேர் ஏழைகளாக இருக்கட்டும். அவர்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடும்? காசநோயாளர்க்குச் சத்துணவு அளிக்க முன்வருவோரை 2022 முதல் நிக்‌ஷய் மித்ரா என்ற பெயரில் அரசே பதிவு செய்துகொள்கிறது. நம் அன்பியம் ஒவ்வொன்றும் அதில் சேரலாம். உடன் ஆளில்லாமல் மருத்துவமனைக்குச் செல்பவருடன் யாரேனும் ஒருவர் செல்லலாம். இவ்வளவே போதும்.

நம் பங்கில் இரண்டு தவக்காலங்களுக்கு முன் இதனைத் தொடங்கினோம். சாற்றறை மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தோம். முதல் ஞாயிறன்று முப்பதுக்கு மேற்பட்டோர் பெயர் எழுதினர். பாஸ்காவுக்குள் அது பன்னிரண்டாயிற்று. இன்று ஆறு பேர் செல்கின்றனர். அவர்களுள் நால்வர் பெண்கள், ஒருவர் ஓய்வுபெற்ற இரயில்வே ஊழியர், ஒருவர் அந்தத் தகரப் பெட்டி முதியவர். குணமான பின் அவர் தாமாகவே வந்து சேர்ந்தார்; படிக்கத் தெரியாததால், உடன் வரும் பெண் சீட்டைப் படிக்க, இவர் கஞ்சி ஊட்டுகிறார். திங்கள், புதன், வியாழன், வெள்ளி, சனி ஆகிய நாள்களுக்கு ஆள் இருக்கிறது. செவ்வாய்க்கு இன்னும் கிடைக்கவில்லை. அன்று அந்தோணியார் நவநாள், எல்லாரும் கோவிலில் இருக்கிறோம்.